மஞ்சள் கடுதாசிக்குப் பிறகு மஞ்சள் போர்டு

கார் லோன் கேட்டு வந்திருப்பவர் ஏற்கெனவே ஐ.பி. (திவால் மனு) கொடுத்தவர் என்று தெரிந்ததும், கடன் அலுவலர்களான நம்மில் பெரும்பாலோர் மேற்கொண்டு ஒரு காகிதமும் கேட்பதில்லை. சிபில் எண்ணைத் தட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, “மேலிடத்தில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்” என்று அனுப்பிவைக்கிறோம். அப்படி அனுப்பப்படுகிறவர்களில் லோனே கொடுக்கக் கூடாதவரும் இருக்கிறார், தாராளமாகக் கொடுக்கத் தகுந்தவரும் இருக்கிறார். யார் எவர் என்பது நீதிமன்ற உத்தரவில் எழுதியிருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிப் படிக்கிற வழக்கம் நம்மிடம் இல்லை.

இராஜாக்கமங்கலம் துறையில் மீன் ஏலம் எடுத்துத் தொழில் செய்த ஒருவரை வைத்துக்கொள்வோம். வள்ளக்காரர்களுக்கு முன்பணம் கொடுத்து, வெளியூருக்குக் கடனாகச் சரக்கு அனுப்பி, இரண்டு பக்கமும் பணம் முடங்கி, கோர்ட்டில் மனுப் போட்டவர். இருந்த சொத்து கோர்ட் நியமித்த ரிசீவர் கைக்குப் போய் விற்றுப் பங்கிட்டாயிற்று. இப்போது கன்னியாகுமரிக்கு வருகிற சுற்றுலாப் பயணிகளை நம்பி ஒரு டாக்ஸி எடுக்க வருகிறார். மஞ்சள் கடுதாசிக்காரருக்கு மஞ்சள் போர்டு வண்டியா என்று கிளையில் யாராவது சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்து முடித்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

2016-ம் ஆண்டுத் திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்குச் சொந்த ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மீன் வியாபாரிக்கு அது இல்லை. சென்னை நகருக்கு வெளியே அவருக்கு 1920-ம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டம்தான். அதில் மனு, திவாலானவர் என்ற அறிவிப்பு, விடுவிப்பு என்று மூன்று படி. மனு மட்டும் போட்டு ஆண்டுக்கணக்கில் வாய்தா வாங்குகிறவருடைய பழைய கடன் அப்படியே உயிரோடு இருக்கிறது. அறிவிப்பு உத்தரவில், விடுவிப்புக்கு விண்ணப்பிக்க ஒரு கெடு குறிக்கப்பட்டிருக்கும். அதைத் தவறவிட்டால் அறிவிப்பே ரத்தாகலாம். கடன் கொடுத்தவர்கள் மறுபடியும் வாசலில் நிற்பார்கள்.

அறிவிப்புக்கும் விடுவிப்புக்கும் இடைப்பட்ட காலம்தான் நமக்கு ஆபத்து. அந்த நாட்களில் அவர் சம்பாதிக்கிற சொத்தும் 28-ம் பிரிவின்படி ரிசீவரைச் சேரும். தன் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினாலே 72-ம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. 50 ரூபாய் என்றால் இன்றைக்கு ஒரு டீயும் இரண்டு பழம்பொரியும். இங்கிலாந்தில் இதே விதிக்கு வரம்பு 500 பவுண்டு. தொகை கேலிக்குரியதாகப் போய்விட்டாலும் விதி செத்துவிடவில்லை.

விடுவிப்பு உத்தரவுக்கு வருவோம். எனக்குத் தெரிந்து, ஒரு கடன் அலுவலருக்கு இதைவிட நல்ல மதிப்பீட்டு ஆவணம் கிடையாது. 42-ம் பிரிவு எதையெல்லாம் பார்க்கச் சொல்கிறது என்று படியுங்கள். சொத்து, ஈடில்லாக் கடனில் ரூபாய்க்கு எட்டணா அளவுக்காவது தேறியதா, தேறாவிட்டால் அதற்கு அவர்தான் பொறுப்பா. முந்தைய மூன்றாண்டில் கணக்குப் புத்தகம் வைத்திருந்தாரா. நொடித்தது தெரிந்தும் வியாபாரத்தை ஓட்டினாரா. சூதாட்டத்திலும் ஊதாரித்தனத்திலும் பணம் போனதா. இதில் தவறியவருக்கு முழு விடுவிப்பு கிடைக்காது. நாம் கேட்க நினைத்துக் கூச்சப்படுகிற கேள்விகளை நீதிமன்றம் கேட்டு, பதிலையும் பதிவு செய்து வைத்திருக்கிறது.

விடுவிப்பு நிபந்தனையோடு வந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். இனி வரும் வருமானத்தில் ஒரு பங்கைப் பழைய கடனுக்குக் கட்டவேண்டும் என்று உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. டாக்ஸி வருமானத்தில் அந்தப் பங்கைக் கழிக்காமல் தவணையைக் கணக்கிட்டால் ஆறாவது மாதத்திலேயே இடிக்கும்.

குமரி மாவட்டத்தில் ஐ.பி. என்றாலே முகம் சுளிப்பதற்குக் காரணம் இல்லாமலில்லை. 2017-ல் எல்லையோர மத்தம்பாலையில் நிர்மல் கிருஷ்ணா நிதி நிறுவனம் மூடப்பட்டு, அதன் உரிமையாளர் திருவனந்தபுரம் கோர்ட்டில் திவால் மனுவோடு போய் நின்றபோது, மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததைப் போட்டவர்களெல்லாம் தெருவில் நின்றார்கள். ஆனால் ஊரார் பணத்தை வாங்கிப் போட்டவர் கொடுக்கிற மனுவும், கடன் நின்றுபோன மீன் வியாபாரி கொடுக்கிற மனுவும் ஒன்றல்ல. மோசடியால் வந்த கடனுக்கு 44-ம் பிரிவில் விடுதலையே கிடையாது.

ஐ.பி. கொடுத்தவர் பெயரில் லோன் போட முடியாத சிக்கலுக்குச் சில கிளைகளில் ஒரு குறுக்குவழி சொல்லித் தருகிறார்கள்: “சம்சாரம் பேர்ல போட்டுருங்க அண்ணாச்சி.” இலக்கை எட்டுகிற அவசரத்தில் நாமே சொல்லித் தருவதுதான் கேவலம். விடுவிக்கப்படாதவரின் பணத்தில் மனைவி பெயரில் வாங்கிய வண்டி என்று ரிசீவர் கிளப்பினால் பதில் சொல்ல வேண்டியது அந்தப் பெண். விடுவிக்கப்பட்டவருக்கோ இந்த ஒளிவுமறைவே தேவையில்லை.

2023 ஜூன் 8-ல் ரிசர்வ் வங்கி சொன்ன, புதுக் கடனுக்கு முந்தைய 12 மாதக் காத்திருப்பை நீட்டி மடக்கி, கோர்ட் விடுவித்தவர்கள் மீதும் போடுகிறோம். அது சமரசத் தீர்வு செய்துகொண்டவர்களுக்கு, விவசாயம் அல்லாத கடனுக்கான குறைந்தபட்சக் காலம். நீதிமன்றம் விடுவித்தவரைப் பற்றி உங்கள் வாரியக் கொள்கை என்ன சொல்கிறது என்று தனியாகப் பாருங்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றால் எழுதிக் கேளுங்கள்.

வண்டிக் கடன் இவர்களுக்குத் தோதான முதல் கடன். வண்டியே ஈடு, ஆர்.சி.யில் நம் பெயர் ஏறுகிறது, இன்சூரன்ஸிலும் ஏறுகிறது. பயம் இருந்தால் முன்பணத்தை அதிகம் கேளுங்கள். வட்டியை ஏற்றி அந்தப் பயத்தை ஈடுகட்டப் பார்த்தால் தவணைதான் கனக்கும், கட்ட முடியாத நாளும் சீக்கிரம் வரும். பழைய கடனுக்கு ஜாமீன் நின்ற மச்சானையே மறுபடியும் ஜாமீனுக்குக் கூட்டிவந்தால் மட்டும் யோசியுங்கள்: கடனாளியை விடுவிக்கிற உத்தரவு ஜாமீன்தாரரை விடுவிப்பதில்லை. அந்த மச்சான் இன்னும் பழைய பாக்கியைச் சுமந்துகொண்டிருக்கக்கூடும்.

கடைசியாக, நம் வீட்டுக் குப்பை. கோர்ட் விடுவித்தது சிபில் நிறுவனத்துக்குத் தானாகத் தெரியாது. கடன் கொடுத்த கிளைதான் சொல்ல வேண்டும். சொல்லாதவரை பழைய தொகை நிலுவைக் கட்டத்தில் நின்றுகொண்டே இருக்கும். அதைப் பார்த்துத்தான் அடுத்த கிளைக்காரர் உதட்டைப் பிதுக்குகிறார். 2005-ம் ஆண்டுக் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின்படி, திருத்தம் கேட்டால் 30 நாளுக்குள் முடிக்க வேண்டும். 2024 ஏப்ரல் முதல், அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. மாதம் இருமுறை தகவல் அனுப்பும் முறை 2025 ஜனவரியிலேயே வந்துவிட்டது, ஆகவே தொழில்நுட்பத்தைக் குறைசொல்ல வழியில்லை. உங்கள் கிளை கடன் கொடுத்தவராகச் சேர்க்கப்பட்ட பழைய ஐ.பி. வழக்குகளின் கட்டை எடுத்து, விடுவிப்பு ஆனவை எவை என்று நம் வக்கீலிடம் ஒரு பட்டியல் கேளுங்கள். அடுத்த முறை அனுப்பும் தகவலிலேயே அவற்றைத் திருத்தி அனுப்பலாம்.