டாக்டர் பார்த்துக்கொண்டால் போதுமா?

ஊக்கமருந்தை டாக்டர் மேற்பார்வையில் அனுமதித்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்று வாதிடுகிறார்கள். அதைச் செய்தே பார்த்த நாடு உண்டு. கிழக்கு ஜெர்மனியில் 1974 முதல் அரசே ரகசியத் திட்டம் போட்டு நடத்தியது. டாக்டர்களுக்கோ ஆய்வுக்கூடத்துக்கோ அங்கே குறைவில்லை. யாருக்கு எத்தனை மில்லிகிராம் என்று கணக்குகூட வைத்திருந்தார்கள்.

நடந்தது என்ன? பருவமெய்தும் வயதுச் சிறுமிகளுக்கு ‘வைட்டமின்’ என்று சொல்லி ஓரல்-டூரினபால் என்ற நீலநிற ஊக்கமருந்து மாத்திரையை விழுங்க வைத்தார்கள். குரல் தடித்தது, உடம்பில் ரோமம் அடர்ந்தது, பலருக்கு ஈரல் கெட்டது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் பெண்கள் நீச்சலின் 13 தங்கத்தில் 11 அந்நாட்டுக்கு வந்தது. பதக்கம்தான் நோக்கம் என்றால் டாக்டரும் பதக்கத்துக்குத்தான் வேலை பார்ப்பார். சிறுமிகளின் உடலுக்குக் கேடு விளைவிக்க உடந்தையாக இருந்ததாக 2000இல் பெர்லின் நீதிமன்றம் தண்டித்தவர்களில் மான்ஃப்ரெட் ஹோப்னர் ஒரு டாக்டர்.

‘வயது வந்தவர் விருப்பம்’ என்ற வாதமும் நிற்காது. பக்கத்துத் தடத்தில் ஓடுகிறவர் இபிஓ ஊசி போட்டு ரத்தத்தைத் தடிக்கவைத்துக்கொண்டு வந்தால், மற்றவருக்கு இருப்பது இரண்டே வழி: தானும் போட்டுக்கொண்டு மாரடைப்பு, பக்கவாத அபாயத்தை ஏற்பது, அல்லது விலகுவது. இதையா விருப்பம் என்கிறீர்கள்?