ஆட்சிகள் மாறும், ஏடுகள் யார் கையில்?



ஓசூரிலிருந்து உத்தனப்பள்ளி வழியாக இராயக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் இன்று தொழிற்சாலைப் பேருந்துகளும் தக்காளி ஏற்றிய வண்டிகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஏறக்குறைய 230 ஆண்டுகளுக்கு முன்னர் இந்த வட்டாரம் இரண்டு ஆட்சிகளின் எல்லையாக இருந்தது. 1791-இல் கும்பினிப் படை இராயக்கோட்டையைக் கைப்பற்றியது. 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகாலும் அக்கோட்டையும் கும்பினிக்குச் சென்றன. ஓசூர்ப் பகுதி மட்டும் 1799 வரை திப்பு சுல்தானின் ஆட்சியில் நீடித்தது. அவ்வாண்டில் ஜெனரல் ஹாரிஸின் படை இராயக்கோட்டையில் தங்கி, இவ்வழியே மைசூர் எல்லைக்குள் நுழைந்தது. மே 4-ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு போர்க்களத்திலேயே உயிர்நீத்தார்.

திப்புவைப் பற்றி நம் பிள்ளைகளிடம் கேட்டால் புலி, வாள், ஏவுகணை என மூன்று சொற்கள் கிடைக்கும். நம்மில் பலருக்கும் அவரைப் பற்றிய அறிவு 1990-இல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பான தொடரோடு நின்றுவிட்டது. இந்தக் கட்டுரையில் அவருடைய வீரத்தைப் பற்றிப் பேசப் போவதில்லை. ஓர் ஆட்சி கவிழ்ந்து மற்றோர் ஆட்சி அமரும்போது மக்களின் உரிமைக்கும் வரலாற்றுக்கும் இலக்கியத்துக்கும் என்ன நேர்கிறது, அதிலிருந்து நம் குடும்பங்கள் கற்க வேண்டியது என்ன என்பதே இங்கு நம் கேள்வி.

1789-இல் பிரான்சில் புரட்சி வெடித்தது. மனிதர் அனைவரும் பிறப்பால் சுதந்திரமானவர்கள், உரிமையில் சமமானவர்கள் என்னும் பிரகடனம் அவ்வாண்டு ஆகஸ்ட் 26-இல் ஏற்கப்பட்டது. அதன் அலை நம் வாசல்வரை வந்தது. 1797-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் ரிப்போ என்பவரின் தூண்டுதலால் ஜாக்கோபின் சங்கம் அமைத்தார்கள், விடுதலை மரம் நட்டார்கள், திப்புவை 'குடிமகன் திப்பு' என்று அழைத்தார்கள் என்று நூல்கள் கூறுகின்றன. இச்செய்திக்கு ஆதாரமான ஆவணங்கள் சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின்னர் வென்றவர்களின் கையில் கிடைத்து, அவர்களாலேயே வெளியிடப்பட்டவை. சங்கம் உண்மையில் அவ்வாறு நடந்ததா என ஐயுறும் ஆய்வாளர்களும் உண்டு. ஆயினும், பிரெஞ்சுப் புரட்சியின் ஆபத்து மைசூர்வரை வந்துவிட்டது எனக் காட்டிப் போரை நியாயப்படுத்தக் கும்பினிக்கு இத்தகைய காகிதங்கள் உதவின.

முதலில் உரிமையைப் பார்ப்போம். புரட்சியின் பிரகடனம் எல்லா மனிதரையும் பற்றிப் பேசியது. 1794-இல் பிரெஞ்சுக் குடியரசு அடிமைமுறையை ஒழிப்பதாக அறிவித்தது. திப்பு உதவி கேட்டுத் தூதர்களை அனுப்பிய மொரீஷியஸ் தீவின் பிரெஞ்சுக் குடியேறிகளோ, அந்த ஆணையைக் கொண்டுவந்த அதிகாரிகளை 1796-இல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1802-இல் நெப்போலியன் அடிமைமுறைக்கு மீண்டும் சட்டப் பாதுகாப்பு அளித்தார். சமத்துவம் முழங்கியவர்களின் தோட்டங்களிலேயே மனிதர்கள் அடிமைகளாக உழைத்தார்கள். அறிவிக்கப்பட்ட உரிமை, அது தேவைப்பட்டவனின் கைக்குப் போய்ச் சேரவில்லை.

நம் மண்ணிலும் இதன் மற்றொரு வடிவம் நிகழ்ந்தது. 1792-க்குப் பின்னர் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் பாராமகாலில் நிலங்களை அளந்து, பயிரிடுவோரிடமே நேரடியாக வரி வசூலிக்கும் முறையைத் தொடங்கினார்கள். பின்னாளில் சென்னை மாகாணமெங்கும் பரவிய ரயத்துவாரி முறைக்கு முதல் களமாக அமைந்தது இந்தப் பகுதிதான். இன்று நாம் பெட்டியில் பூட்டி வைக்கும் பட்டாவின் வரலாறு இதனோடு பிணைந்தது. அரசுக்கு வரி தருபவன் யார் என்று தெரிந்துகொள்ளவே அந்தக் கணக்கு எழுதப்பட்டது. காலப்போக்கில் அக்கணக்கில் பெயர் உள்ளவன் உரிமையாளன் ஆனான். அதே நிலத்தில் உழைத்தும் பெயர் ஏறாதவர்கள் உரிமையற்றவர்கள் ஆனார்கள்.

அடுத்தது வரலாறு. திப்புவின் நூலகத்தில் சுமார் 2000 கையெழுத்து நூல்கள் இருந்தன. அவற்றுள் பல கும்பினியின் கல்விக்கூடத்துக்கும் பின்னர் இலண்டனுக்கும் சென்றன. சார்லஸ் ஸ்டூவர்ட் அவற்றுக்குத் தயாரித்த விவரப் பட்டியல் 1809-இல் அச்சாயிற்று. சுல்தான் தம் கைப்படப் பாரசீகத்தில் எழுதிவைத்த 37 கனவுகளின் குறிப்பேடும் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில்தான் உள்ளது. அவருடைய கடிதங்களைக் கர்னல் கிர்க்பேட்ரிக் தேர்ந்தெடுத்து, மொழிபெயர்த்து, தம் கண்டனக் குறிப்புகளோடு 1811-இல் வெளியிட்டார். தோற்றவனின் கடிதங்களில் எதை உலகம் படிக்க வேண்டும் என்பதை வென்றவன் முடிவு செய்தான்.

ஆனால் வென்றவனின் கைக்குப் போகாத காகிதங்களும் இருந்தன. 1791-இல் மராத்தியப் படையின் ஒரு பிரிவு சிருங்கேரி மடத்தைக் கொள்ளையிட்டது. அப்போது மடத்தின் சுவாமிக்கு ஆறுதல் கூறியும், சிலையை மீண்டும் நிறுவப் பொருளுதவி செய்யுமாறு தம் அதிகாரிகளுக்கு ஆணையிட்டும் திப்பு செயல்பட்டார். அவர் மடத்துக்குக் கன்னடத்தில் எழுதிய கடிதங்களை அந்த மடம் பத்திரமாக வைத்திருந்தது. 1916-இல் மைசூர் தொல்லியல் துறையின் இயக்குநர் நரசிம்மாச்சாரியார் அவற்றை வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். அதன்பின் திப்புவைப் பற்றி எழுத முனைந்த எவரும் அக்கடிதங்களைக் கடந்து செல்ல முடியவில்லை. ஒரு முஸ்லிம் மன்னரின் நற்செயலுக்கான சான்றை நூறாண்டுக்கும் மேலாகக் காத்தது ஓர் இந்து மடம். நம் மதிப்பிற்கும் நன்றிக்கும் அவர்கள் உரியவர்கள். நம் முன்னோர் வீடுகளில் இருந்த கடிதங்கள் என்னவாயின என்று நாமும் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது இலக்கியம். ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வீழ்ச்சி இங்கிலாந்தில் கதையாகவும் ஓவியமாகவும் பெருகியது. வால்டர் ஸ்காட் 1827-இல் எழுதிய புதினத்தில் திப்பு வருகிறார். வில்க்கி காலின்ஸின் 1868-ஆம் ஆண்டுப் புகழ்பெற்ற துப்பறியும் புதினம் அந்தக் கோட்டை தாக்கப்பட்ட நாளிலிருந்தே தொடங்குகிறது. நம் பக்கத்தில், ஹைதர், திப்பு இருவரிடமும் பணியாற்றிய மீர் ஹுஸைன் அலி கான் கிர்மானி பாரசீகத்தில் 'நிஷானே ஹைதரி'யை எழுதினார். கன்னட நாட்டுப்புறப் பாடகர்கள் லாவணி பாடினார்கள். அல்லாமா இக்பால் 1932-இல் வெளியிட்ட 'ஜாவீத் நாமா'வில் சுல்தானுக்கு இடமளித்தார். 1990-களில் கிரீஷ் கார்னாட் திப்புவின் கனவுகளை வைத்து நாடகம் எழுதினார். அந்த நாடகம் பிறக்கக் காரணம், எங்கோ ஒரு நூலகத்தில் அந்தக் கனவுக் குறிப்பேடு அழியாமல் இருந்ததுதான். காகிதம் இருந்ததால் இலக்கியம் வந்தது.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கையில் ஒரு பாடம் தெளிவாகிறது. புரட்சியும் ஆட்சி மாற்றமும் பெரிய சொற்களைக் கொண்டுவருகின்றன. அச்சொற்கள் எளியவனின் பெயரில் எழுதப்பட்டு, அந்த எழுத்து காக்கப்பட்டால்தான் உரிமையாக நிலைக்கின்றன. எழுத்தைக் கைவிட்ட சமூகம் முதலில் உரிமையை இழக்கிறது, பிறகு தன் வரலாற்றைப் பிறர் எழுதக் காண்கிறது, இறுதியில் தன் கதையையே பிறரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறது.

நம் மார்க்கம் இதை நமக்கு முன்பே கற்பித்துள்ளது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத் சென்ற பின்னர் முஸ்லிம்களும் யூதர்களும் அடங்கிய அந்நகரத்தின் உரிமைகளையும் கடமைகளையும் சாசனமாக எழுதச் செய்தார்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமாகிய அல்பகரா 282-ஆம் வசனம் தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ பேசுவதன்று. கடனை எழுதி வைப்பதையும் சாட்சிகளை நிறுத்துவதையும் பற்றிப் பேசுவது. கடன் தொகை சிறிதாயினும் எழுதச் சோம்பக் கூடாது என்று அது அறிவுறுத்துகிறது. உமர் (ரலி) அவர்கள் கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை வக்ஃபாக்கியபோது, அது விற்கப்படவோ அன்பளிப்பாக வழங்கப்படவோ வாரிசுரிமையாகப் பிரிக்கப்படவோ கூடாது என நிபந்தனைகளைத் தெளிவாக வகுத்தார்கள். ஹதீஸ் கலையோ யார் யாரிடமிருந்து கேட்டார் என்னும் சங்கிலியின்மேல் நிற்கிறது. இத்தகைய மரபின் பிள்ளைகள் ஏடுகளைக் கறையானுக்குக் கொடுப்பது எவ்வகையில் தகும்?

இந்த மரபு நமக்கு நேர்மையையும் கற்பிக்கிறது. நீதிக்குச் சாட்சி சொல்லும்போது அது நமக்கோ நம் பெற்றோருக்கோ எதிராக இருந்தாலும் தயங்கக் கூடாது என்பது அந்நிஸா 135-ஆம் வசனத்தின் கட்டளை. ஆகவே சிருங்கேரிக் கடிதங்களை எடுத்துக்காட்டும் நாம், குடகிலும் மலபாரிலும் திப்புவின் படையெடுப்புகள் மக்களுக்குத் தந்த துயரத்தையும் அங்கு நடந்த கட்டாய மதமாற்றங்களையும் மறைக்கலாகாது. மார்க்கத்தில் நிர்ப்பந்தமில்லை என்னும் இறைவாக்கை எந்த மன்னரின் புகழுக்காகவும் நாம் விட்டுக்கொடுக்க முடியாது. 1799-இல் அவரை எதிர்த்து வந்த படையில் ஹைதராபாத் நிஜாமின் வீரர்கள் இருந்ததையும், அவருடைய முதன்மை அமைச்சர்களுள் ஒருவர் பூர்ணய்யா என்னும் பிராமணர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொன்னால், அந்தப் போரை இரு மதங்களின் சண்டையாக அவர்கள் எண்ணமாட்டார்கள்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2025-ஆம் ஆண்டு வக்ஃபு திருத்தச் சட்டம் ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வக்ஃபு சொத்துகளின் விவரங்களை 'உமீத்' இணையதளத்தில் ஏற்ற வேண்டிய நிலை ஜூன் மாதம் தொடங்கியது. சட்டத்தை எதிர்க்கும் வழக்குகளில் உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 15-இல் சில பிரிவுகளை இடைக்காலமாக நிறுத்தி வைத்தது. சட்டத்தில் உள்ள அநீதிகளை எதிர்த்து வாதாடுவது தேவையே. அதே வேளையில், வாதாடுவதற்கும் பதிவேற்றுவதற்கும் கையில் காகிதம் வேண்டும். பழைய பள்ளிவாசல்கள், தர்காக்கள், கபரஸ்தான்கள் பலவற்றின் உரிமை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இனாம் பதிவேடுகளில் உறங்குகிறது. அவற்றின் நகலை வாங்கி வைத்துள்ள ஜமாஅத்துகள் எத்தனை? பாரசீகத்திலோ உருதுவிலோ அரபுத் தமிழிலோ ஒரு பத்திரம் கிடைத்தால் அதைப் படித்துச் சொல்ல ஜமாஅத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? வீட்டில் தக்கனியும் பள்ளியில் தமிழும் கடைவீதியில் தெலுங்கும் கன்னடமும் பேசும் எல்லைப்புறப் பிள்ளைகள் மொழி கற்பதில் வல்லவர்கள். அந்தப் பழைய எழுத்துகளை அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியது மதரஸாக்களாகிய எங்கள் பொறுப்பு.

நிலத்தைப் பற்றியும் ஒரு சொல். உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் பகுதிகளில் சிப்காட்டுக்காக விளைநிலம் எடுக்கப்படுவதை எதிர்த்து விவசாயிகள் 2023-இல் போராடியதை நாம் அறிவோம். தொழிற்சாலைகள் வந்தபின் இங்கு நிலத்தின் மதிப்பு பலமடங்கு உயர்ந்துவிட்டது. மதிப்பு உயர்ந்தவுடன் நம் குடும்பங்களில் என்ன நடக்கிறது? உடன்பிறந்த சகோதரியை அழைத்துவந்து, சீர் செய்தாயிற்று, கல்யாணச் செலவு செய்தாயிற்று என்று கூறி, சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறோம். விரும்பி விட்டுத்தருபவள் உண்டு. தாய்வீட்டு வாசல் அடைபட்டுவிடுமே என்னும் அச்சத்தால் கையெழுத்திடுபவளும் உண்டு. பெற்றோர் விட்டுச்சென்றதில், அது குறைவாயினும் அதிகமாயினும், ஆண்களுக்குப் பங்கு உண்டு, பெண்களுக்கும் பங்கு உண்டு என்று அந்நிஸா 7-ஆம் வசனம் விதித்தது, ஐரோப்பியப் புரட்சிக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய உரிமைப் புரட்சி. பிரகடனத்தை முழங்கிவிட்டு அடிமைகளைக் கட்டிவைத்த மொரீஷியஸ் குடியேறிகளைக் குறைகூறும் நாம், மேடையில் அந்த வசனத்தை ஓதிவிட்டுச் சகோதரியின் பங்கைத் தடுத்தால் அவர்களிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறோம்?

ஆகவே நம் குடும்பங்களுக்குச் சில பணிகளை முன்வைக்கிறோம். பள்ளிவாசல் நிர்வாகம் தன் சொத்துகளின் பதிவேட்டு நகல், பட்டா, புலவரைபடம் ஆகியவற்றைப் பெற்று, ஒரு தொகுதியை வேறோர் இடத்திலும் வைக்கட்டும். நிக்காஹ் பதிவேட்டின் பழைய புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் பாதுகாக்கட்டும். வீட்டிலுள்ள பழைய கடிதம், பத்திரம், கையேடு எதையும் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டாமல் எறியாதிருப்போம். மூத்தோர் சொல்லும் செய்தியை, அவர் யாரிடம் கேட்டார் என்பதோடு சேர்த்துப் பிள்ளைகள் எழுதட்டும். வாரிசுப் பங்கு பிரிக்கும் நாளில் ஒரு ஆலிமையும் பத்திர எழுத்தரையும் அழைத்து, சகோதரிகளின் பங்கை அவர்கள் பெயரிலேயே பதிவு செய்வோம். விட்டுத்தருவதா வேண்டாமா என்பதை அதன்பின் அவர்களே முடிவு செய்யட்டும்.

இராயக்கோட்டையின் மதில்கள் மூன்று ஆட்சிகளுக்கு மேல் கண்டுவிட்டன. இனி வரும் ஆட்சிகளையும் அவை காணும். நம்மால் அந்த மாற்றங்களைத் தடுக்க இயலாமல் போகலாம். ஆனால் யாருடைய உரிமையும் எழுதப்படாமல் விடுபட நாம் காரணமாகாதிருப்பது நம் கையில்தான் உள்ளது. மறுமையில் நம் ஒவ்வொருவர் கையிலும் ஓர் ஏடு தரப்படும் என நம்புகிற சமூகம் நாம். இம்மையின் ஏடுகளையும் நீதியோடு எழுதவும் அமானிதமாகக் காக்கவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.