இளைஞர்களுக்கு அவகாசம் வேண்டும்

இந்திய ஆக்கி லீக்கின் அடுத்த சீசனை எதிர்நோக்கி இருக்கிறோம். தமிழ்நாட்டின் பெயரைத் தாங்கி ஆடும் டிராகன்ஸ் அணி இந்த முறை என்ன செய்யும் என்று மும்பையில் வாழும் தமிழர்கள் கேட்பது இயல்பே.

2017ம் ஆண்டோடு நின்று போயிருந்த இந்த லீக், 7 ஆண்டுகளுக்குப் பிறகு 2024 டிசம்பரில் மீண்டும் உயிர் பெற்றது. புதிதாகச் சேர்க்கப்பட்ட டிராகன்ஸ் அணி அந்த சீசனிலேயே அரை இறுதி வரை வந்து 4வது இடத்தைப் பிடித்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் ஒரு தொடக்கத்தை வைத்து அணி உருவாகிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. அணி இன்னும் கட்டப்பட்டு வருகிறது என்பதே உண்மை.

2024ல் நடந்த ஏலத்தின் விதிப்படி ஒவ்வொரு அணியிலும் 24 பேர். அவர்களில் 8 பேர் வெளிநாட்டினர். இந்திய வீரர்கள் 16 பேரில் 4 பேர் ஜூனியர்களாக இருக்க வேண்டும். இந்த விதி வரவேற்கத்தக்கது. ஆனால் ஜூனியர்களைச் சேர்த்தால் மட்டும் போதாது. அவர்களை மைதானத்தில் இறக்கவும் வேண்டும். வெளியே உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் நீட்டிக்கொண்டிருந்தால் எந்தப் பையனும் ஆட்டக்காரன் ஆகிவிட மாட்டான்.

இளம் அணியிடம் வேகம் இருக்கும். முதல் மூன்று கால் பகுதிகளில் எதிரியைத் திணறடிப்பார்கள். கடைசி 15 நிமிடத்தில் அவசரப்பட்டு பெனால்டி கார்னர் கொடுத்து, கையில் இருந்த ஆட்டத்தைக் கோட்டை விடுவார்கள். ரசிகர்கள் இதற்குத் தயாராக இருக்க வேண்டும். இரண்டு ஆட்டம் தோற்றதும் பயிற்சியாளரை மாற்று, பையன்களை நீக்கு என்று கூச்சல் போடுவதால் பயன் இல்லை.

பொறுத்தால் பலன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. 2022ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கு இந்தியா பெரும்பாலும் புதுமுகங்களையே அனுப்பியது. அந்த அணி வெண்கலம் வென்றது. அதில் அரியலூர் கார்த்தி செல்வமும் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும் ஆடினார்கள். 2025 டிசம்பரில் சென்னையில் நிறைவடைந்த ஜூனியர் உலகக் கோப்பையிலும் நம் பையன்கள் அர்ஜென்டினாவை 4-2 என்று வீழ்த்தி வெண்கலம் பெற்றார்கள்.

ஆனால் நம்மைக் கவலைப்பட வைக்கும் விஷயம் வேறு. லீக்கின் 2026ம் ஆண்டு ஆட்டங்கள் ஜனவரி 3 முதல் 26 வரை நடந்தன. மொத்தம் 24 நாட்கள். 2024 ஏலத்தில் ஹர்மன்பிரீத் சிங்குக்கு 78 லட்சம் ரூபாய் கிடைத்தது. மகிழ்ச்சி. அதே ஏலத்தில் கடைசிப் பிரிவு வீரனின் அடிப்படை விலை 2 லட்சம் ரூபாய். வருடத்தில் மற்ற 11 மாதங்கள் அவன் எதைச் சாப்பிடுவான்?

லீக்குகள் நீடிப்பதும் நிச்சயமில்லை. 2005ல் தொடங்கிய பிரிமியர் ஆக்கி லீக் 2008ல் முடிந்தது. 2012ல் வந்த உலகத் தொடர் ஆக்கி ஒரே சீசனோடு சரி. இப்போதைய லீக்கிலும் முதல் சீசன் முடிந்ததும் உத்தரப்பிரதேச அணியின் உரிமையாளர்கள் விலகிக்கொண்டார்கள். லீக் நிர்வாகமே ஓர் அணியை நடத்த வேண்டியதாயிற்று.

ஆகவே ஆக்கிக்காரனுக்கு மாதச் சம்பளம் தரும் வேலைதான் உண்மையான பாதுகாப்பு. ரெயில்வே, வங்கி, எண்ணெய் நிறுவனங்கள், போலீஸ் ஆகியவை விளையாட்டு வீரர்களுக்கான இடங்களைக் காலியாக வைக்காமல் உரிய காலத்தில் நிரப்ப வேண்டும். அணி உரிமையாளர்களும் இளம் வீரர்களை ஒரே சீசனில் கைவிடாமல், குறைந்தது 3 ஆண்டுகளாவது வைத்திருக்க முன்வர வேண்டும். தோல்விக் காலத்திலும் சம்பளம் வரும் என்று தெரிந்தால்தான் பையன் பயமின்றி ஆடுவான்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. 4 ஒலிம்பிக்கில் ஆடிய தன்ராஜ் பிள்ளை, பிழைப்புக்காகப் புனே அருகே கட்கிக்கு வந்த தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை. ஆயுதத் தொழிற்சாலைக் குடியிருப்பில் உடைந்த மட்டையை வைத்து ஆடி வளர்ந்தவர். அவரைப் போன்ற ஒரு பையன் தாராவியிலோ அம்பர்நாத்திலோ இன்றும் இருக்கலாம். அவன் மட்டை கேட்கும்போது "படிப்பைப் பார்" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடாமல் இருப்போம்.

டிராகன்ஸ் அணி கோப்பையை வென்றால் கொண்டாடுவோம். வெல்லாவிட்டாலும், சீசன் முடியும்போது நான்கு இளைஞர்கள் தேறியிருந்தால் அந்த சீசன் வீணாகவில்லை என்றே நாம் கருதுவோம்.