‘கிளையன்ட் கேட்கிறார்’ என்பது யாருடைய குரல்?

தகவல் தொழில்நுட்பத் துறையில் சாதி கிடையாது, திறமை மட்டும்தான் என்று சொல்பவர்களை ஒருமுறை டெமோவுக்கு அழைத்துப் போக வேண்டும். நாலு பேர் சேர்ந்து மூன்று மாதம் உட்கார்ந்து ஒரு செயலியை உருவாக்குகிறோம். அப்போது யாரும் யாரிடமும் சாதி கேட்பதில்லை. எழுதியது ஓடுகிறதா இல்லையா என்பதுதான் பேச்சு. அதே செயலியைத் தூக்கிக்கொண்டு வாடிக்கையாளர் முன்னால் போய் உட்காரும் நாளில்தான் எல்லாம் வெளியே வருகிறது. யார் பேசுவது, யார் லேப்டாப்பைச் சுமந்துகொண்டு பின்னால் வருவது, வாடிக்கையாளர் கேட்பதில் எதைச் செய்து தருவது, எதை மறுப்பது என்பதையெல்லாம் சாதி முடிவு செய்கிறது. அதற்கு நம் துறை ஒரு நாகரிகமான பெயர் வைத்திருக்கிறது: ‘கிளையன்ட் கேட்கிறார்.’

நான் சேலத்தில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்யும் ஒருவருக்காக எங்கள் குழு ஒரு செயலி செய்தது. இந்தத் தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். வியாபாரி வெள்ளியை எடை போட்டுப் பட்டறைக்குக் கொடுக்கிறார். கம்பி இழுப்பவர், பற்றவைப்பவர், மெருகு போடுபவர் என்று அது பல கைகள் மாறிக் கொலுசாகத் திரும்பி வருகிறது. ஒவ்வொரு கையிலும் எடை போட்டாக வேண்டும். கொடுத்த எடை, வந்த எடை, மிச்சத் துண்டு, சேதாரம், டச், கூலி என்று அத்தனையும் நோட்டில் இருந்தன. அதைப் போனுக்குக் கொண்டுவருவதுதான் வேலை.

அந்தக் கணக்குப் பகுதியை எழுதியவன் நான். என் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பல வருடம் கொலுசுக்குப் பற்றவைத்தவர். திருப்பிக் கொடுக்கும்போது சில கிராம் குறைந்தாலும் கூலியில் பிடித்துவிடுவார்கள் என்பது எனக்கு எந்தக் கல்லூரியும் சொல்லித் தந்த பாடமல்ல. அதனால்தான் தன் பெயரில் எழுதப்படும் சேதாரத்தைத் தொழிலாளியும் தன் போனில் பார்க்கும்படி செயலியை அமைத்தேன்.

டெமோ அன்று கணக்குப் பகுதியை நான்தான் விளக்கினேன். வியாபாரிக்குப் பிடித்திருந்தது. பாதியில் நிறுத்தி, “தம்பி, எந்த ஊருங்க?” என்றார். சொன்னேன். “அட, நம்ம பக்கந்தான். ஊருக்குள்ளயா, ரோட்டுக்கு அந்தப் பக்கமா?” என்றார். “அந்தப் பக்கமுங்க” என்றேன். “சரி சரி” என்றவர், அதற்குப் பிறகு ஒரு கேள்விகூட என்னிடம் கேட்கவில்லை. எல்லாவற்றையும் எங்கள் டீம் லீடரைப் பார்த்தே கேட்டார். லீடருக்குச் சேதாரக் கணக்கு தெரியாது. அவர் என்னைப் பார்ப்பார், நான் பதில் சொல்வேன், வியாபாரி லீடரைப் பார்த்துத் தலையாட்டுவார்.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடத் தீர்மானம் போட்டது. நீதிக்கட்சி 1944-இல் திராவிடர் கழகமானது இதே சேலத்தில்தான். தமிழ்நாட்டில் இன்று பெயரை வைத்துச் சாதியைக் கண்டுபிடிப்பது எளிதல்ல என்பது அந்த இயக்கத்தின் சாதனை. ஆனால் பட்டத்தை விட்டவர்கள் விசாரிப்பதை விடவில்லை. பெயர் மறைத்ததை ஊர் காட்டிக்கொடுக்கிறது. ஊர் போதாது என்றால், ரோட்டுக்கு எந்தப் பக்கம் என்ற கேள்வி இருக்கிறது.

அன்றைக்கு வியாபாரி மூன்று விஷயங்கள் கேட்டார். முதலாவது, சில விற்பனைகள் பில்லில் வராமல் இருக்க ஒரு பொத்தான். “ஜிஎஸ்டி பிரச்சினை வந்துடுங்க, அதெல்லாம் பண்ண முடியாதுங்க” என்று லீடர் உடனே மறுத்தார். இரண்டாவது, அதே காசில் ஐபோனுக்கும் ஒரு செயலி. “அது தனி ரேட்டுங்க” என்றார். மூன்றாவது, தொழிலாளியைப் பதிவு செய்யும் பக்கத்தில் பெயர், ஊர், போன் நம்பருக்குக் கீழே ‘என்ன ஆளுங்க’ என்று ஒரு கட்டம். “வெள்ளி குடுக்கற எடமுங்க. யாரு என்னன்னு தெரிஞ்சாத்தானுங்க எத்தன கிராம் குடுக்கலாம்னு முடிவு பண்ண முடியும்.” இதற்கு லீடர் சொன்ன பதில்: “போட்டுடலாங்க.”

தோழர்களே, இந்த மூன்று பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘சின்ன கம்பெனி, கிளையன்ட் கேட்டால் மறுக்க முடியுமா’ என்ற சாக்கு அங்கேயே உடைந்துபோகிறது. மறுக்க முடியும். ஒரே சந்திப்பில் இரண்டு முறை மறுத்தார்கள். சட்டத்துக்குப் பயந்து ஒன்றை, லாபம் குறையும் என்று ஒன்றை. சாதிக் கட்டத்தை மறுக்க மட்டும் அவர்களிடம் ஒரு காரணமும் இல்லை. ஏனென்றால் அது அவர்களுக்கும் இயல்பாகவே பட்டது. கிளையன்டின் குரலில் தங்கள் வீட்டுக் குரல் கேட்டது.

அந்தக் கட்டத்தை நான் எழுத மாட்டேன் என்று அலுவலகத்தில் சொன்னேன். “கிளையன்ட் கேட்கிறார்பா, நமக்கென்ன?” என்றார்கள். வேறொருவர் அரை மணி நேரத்தில் செய்து முடித்தார். அடுத்த டெமோவுக்கு என்னை அழைக்கவில்லை. பட்டறையில் தொழிலாளிகளுக்குச் செயலியைச் சொல்லிக்கொடுக்கவும் ‘வேற தம்பியா பாத்து’ அனுப்பச் சொன்னாராம். “கிளையன்ட் கம்ஃபர்ட்டா இருக்கணும்ல” என்றார் லீடர். வெள்ளி கிடக்கும் இடத்துக்கு நான் வரக் கூடாது என்பதைத்தான் அந்த ஒற்றை ஆங்கிலச் சொல் மூடிவைத்தது.

உடனே ஒரு கேள்வி வரும். பள்ளிக்கூட விண்ணப்பத்தில் அரசே சாதி கேட்கிறதே, வியாபாரி கேட்டால் மட்டும் என்ன? அரசு கேட்பது, மறுக்கப்பட்ட பங்கைக் கொடுப்பதற்காக. வியாபாரி கேட்பது, கொடுக்கும் கிராமைக் குறைப்பதற்காக. இட ஒதுக்கீட்டுக்கான சான்றிதழும் சந்தேகப் பட்டியலும் ஒன்றல்ல. வாயால் விசாரித்த காலத்தில் அந்தச் சந்தேகம் ஒரு கடையோடு நின்றது. செயலியில் ஏறிவிட்டால் அது வடிகட்டியாகவும் வரிசையாகவும் மாறுகிறது. கடையை மகன் எடுத்து நடத்தினாலும் பட்டியல் அப்படியே கைமாறும். குறைந்த வெள்ளி கிடைப்பவருக்குக் குறைந்த கூலிதான் கிடைக்கும். ஏன் குறைந்தது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. தொழிலாளி பார்க்கும் திரையில் அந்தக் கட்டம் இல்லை.

சட்டம் காப்பாற்றும் என்று நம்பியிருக்கவும் வழியில்லை. ஒன்றிய அரசின் 2019 தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா, சாதியையும் பழங்குடி அடையாளத்தையும் கூடுதல் பாதுகாப்பு தேவைப்படும் தரவுகளின் வரிசையில் வைத்திருந்தது. கடைசியில் நிறைவேறிய 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லை. சொல்லப்பட்ட நோக்கத்துக்குத் தேவையான தரவை மட்டுமே ஒப்புதலின் பேரில் பெறலாம் என்ற விதி மட்டும் இருக்கிறது. கொலுசுக்குப் பற்றவைக்கச் சாதி எதற்குத் தேவை என்று கேட்க அந்த விதி நமக்கு ஒரு பிடி தருகிறது. கேட்பதற்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

இது ஏதோ சேலத்துப் பழக்கம் என்று பெருநகரத் தோழர்கள் நினைக்க வேண்டாம். 2020 ஜூனில் கலிபோர்னியா மாநில அரசுத் துறை ஒன்று சிஸ்கோ நிறுவனத்தின் மீது சாதிப் பாகுபாட்டு வழக்குத் தொடர்ந்தது. ஐஐடியில் இட ஒதுக்கீட்டில் படித்தவர் என்று மேலாளர் சக ஊழியர்களிடம் சொன்னதாகவும், புகார் கொடுத்த பிறகு வேலையைக் குறைத்துத் தன்னை ஒதுக்கியதாகவும் ஒரு தலித் பொறியாளர் சொன்னதே வழக்கின் அடிப்படை. சாதிப் பாகுபாடு சட்டவிரோதமே அல்ல என்று நிறுவனத்தின் உள்விசாரணை முடிவு செய்ததாக அந்த வழக்கு குற்றம்சாட்டியது. இரண்டு மேலாளர்கள் மீதான வழக்கு 2023 ஏப்ரலில் திரும்பப் பெறப்பட்டது, நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை அக்டோபரில் ஆளுநர் வீட்டோ செய்தார்.

இங்கே நிலைமை என்ன? சுக்தேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் செய்து 2007-இல் வெளிவந்த ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். தலித் பெயர் கொண்ட விண்ணப்பங்களுக்கு நேர்காணல் அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயர் கொண்டவற்றைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. அது வேலைக்குள் நுழையும் வாசல். உள்ளே வந்த பிறகு யார் முன்னால் நிற்கிறார்கள் என்பதுதான் அடுத்த வாசல். டெமோவில் பேசுபவரைத்தான் கிளையன்டுக்குத் தெரியும். கிளையன்டுக்குத் தெரிந்தவர்தான் லீடர் ஆவார். அங்கிருந்து துரத்தப்பட்டவர் பின்வரிசையிலேயே இருப்பார். பத்து வருடம் கழித்து அவருக்குப் ‘பேச்சுத் திறமை போதாது’ என்று பெயர் வைப்பார்கள்.

பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி, பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில்கூட உள்புகார்க் குழு கட்டாயம். சாதிக்கு அப்படி ஒரு குழு தனியார் நிறுவனங்களில் கட்டாயமில்லை. தனியார் துறையில் இட ஒதுக்கீடும் இல்லை. இரண்டையும் கேட்டுப் போராட வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதுவரை காத்திருக்காமல் இந்தத் துறையில் இருக்கும் இளைஞர்கள் நாளைக்கே செய்யக்கூடியவை சில உண்டு.

ஒரு பகுதியை எழுதியவரே டெமோவில் அதை விளக்க வேண்டும் என்று உங்கள் குழுவில் முடிவெடுங்கள். வாடிக்கையாளர் ஆளை மாற்றச் சொன்னால், காரணத்தை மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். ‘ரோட்டுக்கு எந்தப் பக்கம்’ என்று சொல்பவர்கள் அதை எழுத்தில் தரத் தயங்குவார்கள். சாதி கேட்கும் கட்டம் வந்தால், நோக்கம் என்ன என்ற கேள்விக்குப் பதில் வரும்வரை யாரும் அதை எழுதாதீர்கள். ஒருவர் மறுத்தால் இன்னொருவர் அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார். நாலு பேரும் மறுத்தால் அந்தக் கட்டம் வராது.

குறிப்பாக, இந்தக் கேள்வியை ஒருநாளும் எதிர்கொள்ளாத தோழர்களிடம் சொல்கிறேன். பக்கத்தில் இருப்பவனிடம் ஊர் விசாரிக்கப்படும்போது போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நடுநிலை அல்ல. நானும் நீங்களும் சேர்ந்து செய்த செயலி அது. அந்தக் கட்டத்தை மறுக்கும் வேலையை மட்டும் என் தலையில் கட்டாதீர்கள்.