காரணம் இல்லாமல் மீன் சாகுமா?



தாம்பரத்தில் ஒரு வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். நேற்று வரை நீந்திய கோமாளி மீன் இன்று செத்து மிதக்கிறது. தண்ணீரோ கண்ணாடிபோல் தெளிவாக இருக்கிறது. "கண்பட்டுவிட்டது" என்கிறார் பாட்டி. உடனே வேறு மீன் வாங்கி விடுகிறார்கள். அதுவும் சாகிறது.

இது சரியா? காரணமில்லாத சாவு கிடையாது. நாம் அளக்காத காரணங்களே உண்டு என்பது என் கருத்து.

மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது. கோடையில் நீர் ஆவியாகும்; உப்பு மட்டும் தங்கி உவர்ப்பு கூடும். வெப்பம் ஏற ஏற நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறையும். அந்த நேரத்தில் மின்சாரமும் நின்றால்? கொசுவுக்கு அடிக்கும் பைரித்ராய்டு மருந்து மீனுக்கும் இறாலுக்கும் கொடிய நஞ்சு. அறையில் பரவிய அந்த மருந்தைக் காற்றுப் பம்பு தொட்டிக்குள் தள்ளிவிடும்!

மன்னார் வளைகுடாவில் 2010, 2016 ஆண்டுகளின் கோடையில் பவளங்கள் வெளுத்தன. கடல்நீரின் வெப்பநிலையை விஞ்ஞானிகள் அளந்து வந்ததால் காரணம் புலப்பட்டது.

நீங்களும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். வெப்பநிலை, உவர்ப்பு, அம்மோனியா, மின்வெட்டு, கொசு மருந்து அடித்த நாள் எல்லாவற்றையும் குறியுங்கள். ஆவியான அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றுங்கள், உப்புநீர் வேண்டாம். மீன் செத்தால், கண்ட மருந்தையும் கொட்டாமல் முதலில் குறிப்பைப் புரட்டுங்கள். காரணம் தெரியும்வரை புதுமீன் வாங்காதீர்கள்.

கடலில் நீர் கெட்டால் மீன் விலகி ஓடலாம். தொட்டியில் அது எங்கே ஓடும்?