முழுமையான சீட்டு தரவேண்டியது மருத்துவமனை

புறநோயாளிச் சிகிச்சைக்கும் பணம் தருவதாகச் சொல்லும் மருத்துவக் காப்பீடுகள் இன்று நிறையவே கிடைக்கின்றன. அந்தப் பணத்தைக் கேட்டுப் போகும்போது, “ஆவணங்கள் முழுமையாக இல்லை” என்ற ஒற்றை வரியோடு விண்ணப்பம் திரும்பி வருகிறது. குறையை வைத்தது ஒருவர், பணத்தை இழப்பது நோயாளி. இந்த அநியாயத்தை இனியும் அனுமதிக்கக் கூடாது.

திரும்பி வந்த ஒரு கட்டைப் பிரித்துப் பாருங்கள். மருந்துச் சீட்டில் டாக்டரின் கையெழுத்து இருக்கும், பதிவு எண் இருக்காது. மாத்திரைகளின் பெயர் வரிசையாக இருக்கும், என்ன நோய் என்று ஒரு சொல் இருக்காது. மருந்துக்கடை பில்லில் நோயாளியின் பெயர் வரவேண்டிய இடத்தில் ‘கேஷ்’ என்று அச்சாகியிருக்கும். ரத்தப் பரிசோதனை முடிவு இருக்கும், அதை எடுக்கச் சொன்ன டாக்டரின் குறிப்பு இருக்காது. டாக்டர் ஃபீஸுக்கு ரசீது கேட்டால் முறைத்துப் பார்க்கும் கிளினிக்குகளும் உண்டு. காய்ச்சலோடு டோக்கன் வாங்கி உட்கார்ந்திருப்பவர் இவற்றையெல்லாம் சரிபார்த்துக் கேட்டு வாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. மருந்துச் சீட்டு, சான்றிதழ், பண ரசீது ஆகிய எல்லாவற்றிலும் டாக்டர் தம் பதிவு எண்ணைக் குறிக்க வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு விதிமுறைகள். ஆனால் அதே விதிமுறைகள், மருத்துவக் குறிப்புகளை 3 ஆண்டுகள் பாதுகாக்கும் கடமையை உள்நோயாளிகளோடு நிறுத்திவிட்டன. வெளியே வந்து சீட்டைத் தொலைத்த புறநோயாளிக்கு நகல் தர மருத்துவமனையிடம் பெரும்பாலும் எதுவும் இருப்பதில்லை.

காப்பீட்டு நிறுவனங்களும் தப்ப முடியாது. ‘தேவையான கடைசி ஆவணம் கிடைத்த நாளிலிருந்து 30 நாள்’ என்றுதான் 2017-ம் ஆண்டு விதி கெடு வைத்தது. இந்த வாரம் ஒரு காகிதம், அடுத்த வாரம் இன்னொரு காகிதம் என்று கேட்டுக்கொண்டே போனால் கெடு தொடங்கவே தொடங்காது. ஆவணங்களை மருத்துவமனையிடமிருந்து காப்பீட்டு நிறுவனமே பெற வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் சுற்றறிக்கை அனுப்பியது. வரவேற்க வேண்டிய உத்தரவு. ஆனால் தெருமுனை கிளினிக்கில் கையில் இருந்து பணம் கட்டியவருக்கு அதனால் என்ன பயன்? நிறுவனத்தோடு ஒப்பந்தமே இல்லாத இடம் அது. சில நூறு ரூபாய்க்காகக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் வரை போக யாருக்குத் தெம்பு இருக்கிறது? பலர் பேசாமல் விட்டுவிடுகிறார்கள்.

போலி பில்கள் வருகின்றன என்ற நிறுவனங்களின் கவலை உண்மையானது. அதற்காகவே சொல்கிறோம்: பதிவு எண், நோயின் பெயர், பரிசோதனைப் பரிந்துரை, கட்டிய தொகை ஆகிய நான்கும் அடங்கிய ஒரே சீட்டைப் பணம் வாங்கும் இடத்திலேயே அச்சிட்டுத் தருவதை எல்லா கிளினிக்குகளுக்கும் கட்டாயமாக்க வேண்டும். போலியைப் பிடிக்கவும் அது உதவும். குறை இருந்தால் நிறுவனம் ஒரே முறையில், ஒரே பட்டியலாகக் கேட்கட்டும். டாக்டர் எழுதத் தவறிய விவரத்தை நிறுவனமே அவரிடம் கேட்டுப் பெறட்டும். அதற்காக நோயாளியின் பணத்தை நிறுத்தக் கூடாது.

தமிழக அரசு டெல்லியின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கிளினிக்குகளைப் பதிவு செய்யும் 1997-ம் ஆண்டுச் சட்டம் அதன் கையில் இருக்கிறது. முழுமையான சீட்டு தராத இடத்தின் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்று அதன் விதிகளில் ஒரு திருத்தம் சேர்க்கட்டும்.