உழுபடை எட்டாத மூலை



நவம்பர் மாதம் நெருங்கினால் பங்குகள்தோறும் கல்லறைத் தோட்டத்தைத் துப்புரவு செய்யும் பேச்சு எழுவது வழக்கம். நம் பங்கிலும் சென்ற ஞாயிறு எழுந்தது. கூலியாள் கிடைப்பது அரிதாயிருக்கிறது, ஜே.சி.பி. இயந்திரத்தை ஒரு நாள் வாடகைக்கு அமர்த்தினால் பின்மதிலோரத்துப் புதரனைத்தையும் வேரோடு வாரி எறிந்துவிடலாம் என்றனர் சிலர். எனக்கும் அது நல்ல யோசனையாகவே தோன்றிற்று. ஆனால் அன்றிரவு, முன்பு படித்த வேறொரு கல்லறைத் தோட்டத்தின் வரலாறு நினைவுக்கு வந்து உறக்கத்தைக் கெடுத்தது. அதைக் கேட்ட பின் நாம் முடிவு செய்யலாம்.

அமெரிக்க நாட்டின் நடுப்பகுதியில் ஒரு காலத்தில் பிரெய்ரி எனப்படும் புல்வெளி கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடந்தது. ஆளுயரப் புற்களும், அவற்றிடையே பருவந்தோறும் மாறி மாறிப் பூக்கும் பல்வகைச் செடிகளும் அங்கு வளர்ந்தன. அவற்றின் வேர்கள் பின்னிப் பிணைந்து கிடந்த மண்ணை மரக்கலப்பையால் கீற முடியவில்லை. 1837இல் ஜான் டீர் என்னும் கொல்லர் எஃகுக் கலப்பையைச் செய்தார். பின்னர் சில தலைமுறைகளுக்குள் அப்புல்வெளி ஏறத்தாழ முழுவதும் சோளக் கொல்லையாகவும் கோதுமை வயலாகவும் மாறிற்று. உழுபடை எட்டாத இருப்புப்பாதை ஓரங்களிலும் பழைய கல்லறைத் தோட்டங்களிலும் மட்டும் அதன் மிச்சங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

விஸ்கான்சின் மாநிலத்து மாடிசன் நகரில் உள்ள பல்கலைக்கழகம், 1930களின் தொடக்கத்தில், உழுது களைத்துப்போன பண்ணை நிலங்களை வாங்கிற்று. இழந்த புல்வெளியை அங்கு மீண்டும் உண்டாக்கிக் காட்டவேண்டும் என்பது, அங்குப் பேராசிரியராயிருந்த ஆல்டோ லியோபோல்டு முதலிய அறிஞர்களின் எண்ணம். 1935இல் வேலை தொடங்கிற்று. விளைநிலத்தைப் பழைய இயற்கைக்குத் திருப்பும் முயற்சிகளுள் இதுவே மிக மூத்தது என்பர்.

நிலத்தைச் சும்மா விட்டால் பழைய செடிகள் தாமே வந்துவிடாவோ என்று நீங்கள் கேட்கலாம். வரவில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த மேய்ச்சற்புல்லே அங்கு மூடிக் கிடந்தது. நம் ஊரிலும் உழவு நின்ற கொல்லையில் முதலில் முளைப்பது சீமைக் கருவேலம் அன்றோ? ஏழாம் ஆண்டில் நிலத்திற்கு ஓய்வு தரவேண்டும் என்பது இஸ்ராயேலருக்கு இடப்பட்ட கட்டளை. ஓய்வு நிலத்தின் களைப்பைத் தீர்க்கும். தொலைந்துபோன விதையை அது திருப்பித் தராது. விதையை எங்கிருந்தாவது எவராவது கொண்டுவந்தே ஆகவேண்டும்.

எங்கிருந்து கொண்டுவருவது? எஞ்சியிருந்த அந்தச் சிறு மிச்சங்களிலிருந்துதான். நாட்டில் வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்திருந்த காலம் அது. அரசு அமைத்த தொண்டுப் படையின் இளைஞர்கள், தியோடோர் ஸ்பெரி என்னும் தாவரவியலாரின் மேற்பார்வையில், மண்ணோடு பெயர்த்தெடுத்த செடிகளையும் சேகரித்த விதைகளையும் கொணர்ந்து நட்டனர். வறட்சி வாட்டிய ஆண்டுகள் அவை. நட்டவற்றுள் பல பட்டுப்போயின. மீண்டும் நட்டனர். அப்போதும் அயல் புல் விடவில்லை. 1940களில் ஜான் கர்ட்டிஸ் என்னும் அறிஞர் நெருப்பிட்டுச் சோதித்தார். இளவேனிலில் முந்திக்கொண்டு தளிர்க்கும் அயல் புல் தீயில் வாடிற்று. வேரை ஆழத்தில் ஊன்றிக் காத்திருந்த பழைய குடிகள் புதுத்தெம்புடன் எழுந்தன. இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கும் அந்தக் கர்ட்டிஸ் பிரெய்ரியில் 200க்கும் மேற்பட்ட செடியினங்கள் வாழ்கின்றன. ஆயினும், தொண்ணூறு ஆண்டுகள் உழைத்த பின்னரும் வேலை முடிந்தபாடில்லை. நகரத்து மழைநீரோடு வரும் களைகளை இன்றும் எதிர்த்து நிற்கவேண்டியிருக்கிறது.

இனி, அந்தக் கல்லறைத் தோட்டத்திற்கு வருகிறேன். லியோபோல்டு தம் பண்ணைக்குச் செல்லும் வழியில், 1840களில் குடியேறியோருக்காக அமைந்த கல்லறைத் தோட்டம் ஒன்று இருந்தது. அதன் ஒரு மூலைக்கு அரிவாள் எட்டியதில்லை. அங்கு ஆளுயரத் திசைகாட்டிச் செடி ஒன்று ஆண்டுதோறும் ஜூலையில் மஞ்சள் மலர்களோடு நின்றது. அதன் இலைகள் வடக்கும் தெற்கும் நோக்கி நிற்பதால் அப்பெயர். வேரோ பல அடி ஆழம் செல்லும். அதைக் காண அவர் ஒவ்வோர் ஆண்டும் ஆவலோடு காத்திருப்பார். ஓர் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அவ்வழி சென்றபோது வேலி அகற்றப்பட்டிருந்தது; சாலைப் பணியாளர் செடியை வெட்டிச் சாய்த்திருந்தனர். அவர்கள் தீயவர்கள் அல்லர். இடத்தைத் துப்புரவு செய்ததாகவே எண்ணியிருப்பர். அது என்னவென்று சொல்லுவார் எவரும் அருகில் இல்லை. அவ்வளவே.

பகுதி நிலத்தை மீட்க ஒரு பல்கலைக்கழகமும் ஓர் இளைஞர் படையும் தொண்ணூறு ஆண்டுகளும் தேவைப்பட்டன. மிச்சத்தை அழிக்கவோ ஒரு முற்பகல் போதுமானதாயிருந்தது. மீட்பவர் கையில் விதை இருந்ததற்குக் காரணம், முன்னொருவர் ஏதோவொரு மூலையை வெட்டாமல் விட்டதுதான்.

மறுநாட்காலை நம் கல்லறைத் தோட்டத்தின் பின்மதிலோரம் நடந்து பார்த்தேன். ஆவாரையும் தும்பையும் அடையாளம் தெரிந்தன. கல்லிடுக்கில் படர்ந்திருந்த கொடியை, நன்னாரி என்று குழிவெட்டும் பெரியவர் சொன்னார். மற்றவற்றின் பெயர் எனக்குத் தெரியவில்லை. பெயர் தெரியாததைப் புதர் என்றழைத்துக் களைந்தெறிய இருந்தோமே என்று நாணினேன்.

ஆகவே என் முடிவு இது: இயந்திரம் வேண்டாம். வரும் சனிக்கிழமை காலை, குடும்பத்திற்கு ஒருவர் மண்வெட்டியோடும் அரிவாளோடும் வாருங்கள். கல்லறைகளையும் நடைபாதையையும் கையால் செம்மை செய்வோம். சீமைக் கருவேலத்தை மட்டும் வேரோடு பெயர்ப்போம். பின்மூலையை அப்படியே விடுவோம். செடிகளின் பெயரறிந்த பாட்டிமார் தவறாது வரவேண்டும். பிள்ளைகள் ஏட்டோடு வரட்டும். அவர்கள் சொல்ல, இவர்கள் எழுதிக்கொள்ளட்டும்.